பிளாஸ்டிக் மறுசுழற்சி: தயாரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

பாட்டிலும் டப்பாவும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "பொருளின் அடியில் மறுசுழற்சிக் குறி போடுகிறோம். தொழிற்சாலையில் விழும் கழிவை அரைத்து நாங்களே திரும்பப் பயன்படுத்துகிறோம், மிச்சத்தை விற்றுவிடுகிறோம். வாங்கியவர் கண்ட இடத்தில் வீசினால் அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? இதற்கு மேல் ஒரு நிறுவனம் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது?"

நிறையவே இருக்கிறது. பிளாஸ்டிக் தயாரிப்பையும் மறுசுழற்சியையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். ஒரு பாட்டில் மறுபடி பாட்டிலாகுமா, வேறு ஏதாவது மட்டமான பொருளாகுமா, எரிக்கப்படுமா என்பது பெரும்பாலும் அது தயாராவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த ரெசின் (அதாவது எந்த வகைப் பிளாஸ்டிக்), என்ன நிறம், எந்த லேபிள், என்ன பசை, எத்தனை அடுக்கு என்று பேசி முடிக்கும் கூட்டத்தில் வாங்குபவர் இல்லை, மறுசுழற்சி செய்பவரும் இல்லை. உங்கள் நிறுவனம் இருக்கிறது. வீசி எறிந்தவரின் தவறு ஒரு பக்கம் இருக்கட்டும். பொறுப்பாகச் சேர்த்து, கழுவி, பிரித்துக் கொடுத்த பிறகும் எதற்கும் உதவாத ஒரு பொருளைத் தயாரித்திருந்தால் அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

நிலவரத்தைப் பார்த்துவிடுவோம். ரோலண்ட் கேயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகிய மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் மொத்தத்தையும் கணக்கிட்டது. சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் அதற்குள் கழிவாகியிருந்தது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மிச்சமெல்லாம் குப்பைக் கிடங்கிலும் வெளியிலும் கிடக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை 2019-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தது. பயன்பாடு 46 கோடி டன், கழிவு சுமார் 35 கோடி டன், மறுசுழற்சி அதிலும் 9 சதவீதம்தான். கழிவில் ஏறக்குறைய 40 சதவீதம் பேக்கேஜிங். அதாவது உங்கள் நிறுவனம் தயாரிக்கும் வகையைச் சேர்ந்தது, பிரித்தவுடன் குப்பையாகிவிடுவது.

இனி அந்த முக்கோணக் குறி. உள்ளே ஓர் எண்ணும் சுற்றிலும் அம்புகளுமாக அதை 1988-இல் கொண்டுவந்தது அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம். பிரிப்பவருக்கு இது எந்த ரெசின் என்று தெரிய வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். 1 என்றால் பெட் (தண்ணீர், பானப் பாட்டில் பிளாஸ்டிக்), 2 ஹெச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), 3 பிவிசி, 4 எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றதெல்லாம். இந்தப் பொருள் மறுசுழற்சி ஆகும் என்று அந்தக் குறி எங்கும் உறுதி சொல்லவில்லை. ஆனால் அம்புகளைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். குழப்பம் முற்றிப்போய், 2013-இல் ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் தரநிலையில் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். நடைமுறையில் 1, 2 எண் பாட்டில்களுக்குப் பெரும்பாலான இடங்களில் வாங்க ஆள் உண்டு. 5-க்கு ஓரளவு உண்டு. வீட்டுக் குப்பையிலிருந்து வரும் 3, 6, 7 எண் பேக்கேஜிங்கைக் கேட்டு வருபவர் அரிது. ஆகவே குறி போட்டதைப் பொறுப்பின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், ஒவ்வொரு ரெசினும் ஒரு தனிப் பொருள். பாலிஎத்திலீன் 105 முதல் 135 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். பாலிபுரொப்பிலீனுக்கு 160-க்கு மேல் வேண்டும். பெட் 250 டிகிரிக்குக் கிட்டத்தில்தான் உருகும். எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினாலும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் தனித்தனித் திட்டாக நிற்கும். வார்த்த பொருள் அந்த இடங்களில்தான் பிளக்கும். அதனால் மறுசுழற்சி என்பது முக்கால்வாசி பிரிக்கும் வேலை. உருக்குவது கடைசியில் வருகிறது.

ஒரு பெட் பாட்டிலைப் பின்தொடர்ந்து போனால் இது நன்றாகப் புரியும். நசுக்கிப் பேலாகக் கட்டி வரும் பாட்டில்களை அவிழ்த்து, கன்வேயரில் ஓட்டி, அகச்சிவப்பு ஒளியால் ரெசினை அடையாளம் காணும் கருவிக்குக் கீழே அனுப்புவார்கள். பெட் அல்லாததைக் கருவி காற்றடித்துத் தள்ளிவிடும். அப்புறம் அரைத்துச் செதிலாக்கி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவுவார்கள். பசை விட்டு லேபிள் கழல வேண்டிய இடம் இந்தத் தொட்டி. அடுத்தது மிதவைத் தொட்டி. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்டின் அடர்த்தி ஏறக்குறைய 1.38, மூழ்கிவிடும். மூடி ஹெச்டிபிஇ அல்லது பாலிபுரொப்பிலீன், அடர்த்தி 1-க்குக் கீழே, மிதக்கும். மேலே மிதப்பதை வழித்து எடுத்தால் அதுவும் விலை போகும் சரக்கு. மூடி வேறு ரெசினில் இருப்பது இங்கே ஒரு குறையே இல்லை. தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

இதே பாட்டிலுக்கு பிவிசி ஸ்லீவ் லேபிளை, அதாவது சட்டை போலச் சுற்றிலும் இறுக்கும் லேபிளை, சுருக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகும்? பிவிசியின் அடர்த்தியும் 1.3-க்கு மேல். செதிலோடு செதிலாகப் பெட்டுடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் பெட் உருகும் சூட்டை பிவிசி தாங்காது. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை அறுக்கும். உருக்கி வெட்டியெடுக்கும் குருணை (சிறு பிளாஸ்டிக் மணிகள்) மஞ்சளடிக்கும், கரும்புள்ளி விழும், இயந்திரத்தின் உள்பாகமும் அரிக்கும். பத்து லட்சம் பங்கில் 100 பங்கு பிவிசி கலந்தாலே போதும், அந்தச் சரக்கைப் பாட்டில் தயாரிப்பவர் தொட மாட்டார். பாட்டில் முழுக்கப் படம் வர வேண்டும் என்ற ஒரு விருப்பம், வேறு பத்து நிறுவனங்களின் நல்ல பாட்டில்களையும் சேர்த்துக் கெடுக்கிறது. இன்னொன்றும் உண்டு. எந்த ரெசினில் செய்த ஸ்லீவாக இருந்தாலும் பாட்டிலை முழுக்க மூடிவிட்டால் அகச்சிவப்புக் கருவி ஸ்லீவைத்தான் படிக்கும், உள்ளே இருக்கும் பெட்டை அதற்குத் தெரியாது. மிதக்கும் பாலிபுரொப்பிலீன் லேபிள், காஸ்டிக் கழுவலில் விட்டுவிடும் பசை, பாட்டிலின் ஒரு பகுதியை மட்டும் மூடும் அளவு ஆகியவை இருந்தால் விளம்பரமும் நடக்கும், மறுசுழற்சியும் நடக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிந்த பெட்டை எந்த நிறத்துக்கும் மாற்றலாம், மறுபடி தெளிந்த பாட்டிலும் ஆக்கலாம். பச்சை கலந்துவிட்டால் பச்சை நூல், கட்டுப்பட்டை என்று குறுகிவிடும். ஜப்பானில் பெட் பாட்டில் துறையினர் தாங்களே வகுத்துக்கொண்ட வழிகாட்டு விதிகளின்படி 2001-லிருந்து நிறப் பாட்டில்களைக் கைவிட்டார்கள். அங்கே சட்டம் வந்து கட்டாயப்படுத்தவில்லை, தொழில் தானாக முடிவெடுத்தது. ஸ்பிரைட் 2022-இல் வட அமெரிக்காவில் தன் பச்சைப் பாட்டிலைத் தெளிந்த பாட்டிலாக மாற்றியது. பல பத்தாண்டுகளாகப் பழகிய நிறத்தையே விட முடிந்திருக்கிறது என்றால், 'நிறத்தை மாற்றினால் விற்பனை விழுந்துவிடும்' என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கறுப்பு இன்னும் மோசம். கார்பன் பிளாக் நிறமி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கருவிக்குக் கறுப்புத் தட்டு கண்ணிலேயே படாது. நல்ல பாலிபுரொப்பிலீனாகவே இருந்தாலும் கழிவோடு போய்விடும். கருவியால் காண முடிகிற மாற்றுக் கறுப்பு நிறமிகள் சந்தையில் இருக்கின்றன.

பல அடுக்குப் பைகளும் சிறு பாக்கெட்டுகளும்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை. வெளியே அச்சுக்கு பெட், நடுவில் காற்றும் ஈரமும் போகாமல் அலுமினியம், உள்ளே ஒட்டுவதற்கு பாலிஎத்திலீன். பொருளைக் காப்பதில் இது மிகத் திறமையான கண்டுபிடிப்பு, அதை மறுக்க முடியாது. ஆனால் மூன்றையும் பிரிப்பது ஆய்வுக்கூடத்தில் முடிந்தாலும் தொழிலாக இன்னும் பெரிதாக வளரவில்லை. சேகரிப்பிலேயும் இது தோற்றுப்போகிறது. உலகின் பல நாடுகளில் மறுசுழற்சிக்கு வரும் பிளாஸ்டிக்கின் பெரும்பகுதியைக் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளர்கள்தான் சேர்த்துத் தருகிறார்கள். அவர்களுக்குக் கூலி எடைக் கணக்கில். ஒரு பாட்டிலைக் குனிந்து எடுத்தால் காசு, ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள பாக்கெட்டை நூறு முறை குனிந்து எடுத்தாலும் வாங்க ஆளில்லை. அது தரையிலேயே கிடந்து, காற்றில் பறந்து, கால்வாயை அடைக்கிறது. வீசியவர் மேல் கோபப்படுகிறோம். எடுப்பதற்கு எந்த மதிப்பும் இல்லாத ஒன்றைக் கோடிக்கணக்கில் விற்றவரிடம் யாரும் கேட்பதில்லை. முழுக்கப் பாலிஎத்திலீனால் ஆன, காற்றைத் தடுக்க இவிஓஹெச் என்ற வேறொரு பிளாஸ்டிக்கைச் சிறிதளவே சேர்த்த ஒற்றை ரெசின் பைகள் இப்போது பல பொருள்களுக்குப் போதுமான பாதுகாப்புத் தருகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருந்தும் இடங்களிலாவது மாற்றாமல் இருக்க நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்வியில் இருந்த இன்னொன்றுக்கு வருகிறேன். ஸ்பூரு, ரன்னர் (அச்சுக்குள் பிளாஸ்டிக் ஓடும் வழியில் இறுகி நிற்கும் துண்டுகள்), விளிம்புக் கழிவு இவற்றை அரைத்து அதே மெஷினில் திரும்பப் போடுவது நல்ல உற்பத்தி முறை. செலவும் மிச்சம். ஆனால் அதை மறுசுழற்சிப் பங்கு என்று காட்ட முடியாது. சுற்றுச்சூழல் உரிமைகோரல்களுக்கான ஐஎஸ்ஓ 14021 தரநிலை இதில் தெளிவாக இருக்கிறது: ஒரு செயல்முறையில் விழுந்து அதே செயல்முறையிலேயே திரும்பப் போகும் ரீகிரைண்டை (அரைத்த கழிவை) மறுசுழற்சிப் பொருளின் கணக்கில் சேர்க்கக் கூடாது. '20 சதவீதம் மறுசுழற்சி' என்று அச்சிட்டிருக்கும் பொருளில் அந்த 20-உம் சொந்த ரன்னராக இருந்தால், குப்பையிலிருந்து ஒரு கிராம்கூட அதில் வரவில்லை என்று அர்த்தம். வாங்குபவர் நம்புவது அதுவல்லவே.

சந்தையிலிருந்து திரும்பி வரும் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதுதான் உண்மையான சோதனை. பெட் செதிலில் இருக்கும் ஈரம், உருகும் சூட்டில் சங்கிலிகளை வெட்டும். அதனால் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே வரும்வரை உலர்த்தாமல் உருக்கக் கூடாது. உலர்த்தினாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வலு குறையும். பாட்டிலுக்கு உள்ளார்ந்த பாகுநிலை (சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 0.75-க்கு மேல் வேண்டும், நூலுக்கு 0.6-ஐ ஒட்டி இருந்தாலே போதும். பழைய பாட்டில்களில் பெரும்பங்கு துணிக்கும் தரைவிரிப்புக்கும் போவதற்கு இது ஒரு காரணம். அங்கே போனது அனேகமாகத் திரும்பி வராது. குருணையை உருக்காமல், வெற்றிடத்தில் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்தால் சங்கிலிகள் மறுபடி நீளும். உள்ளே ஊறியிருக்கும் வேண்டாத வேதிப்பொருள்களும் ஆவியாகி வெளியேறும். உணவுப் பாட்டிலாகத் திரும்புவதற்கான வழி அது. தொழில்நுட்பம் இருக்கிறது, செலவும் இருக்கிறது.

அந்தச் செலவுதான் அடுத்த பிரச்சினை. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் புது ரெசின் விலையும் விழும். கழுவி, பிரித்து, உலர்த்தும் செலவோ விழாது. கொள்முதல் பிரிவு அன்றைய விலையை மட்டும் பார்த்துப் புது ரெசினுக்குத் தாவும்போது, மறுசுழற்சி ஆலைகள் மூடப்படுகின்றன. அடுத்த ஆண்டு 'நல்ல தரத்தில் மறுசுழற்சிக் குருணை கிடைக்கவில்லை' என்று அதே நிறுவனம் குறைப்பட்டுக்கொள்ளும். விலை ஏறினாலும் இறங்கினாலும் இத்தனை டன் எடுப்போம் என்று மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுங்கள். மறுசுழற்சி செய்பவர் அந்தக் கடிதத்தைக் காட்டி நல்ல கழுவும் இயந்திரங்களும் பிரிக்கும் கருவியும் வாங்குவார். என்னைக் கேட்டால், ஒரு நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். மரம் நடும் விழாவுக்கும் கடற்கரைத் துப்புரவுக்கும் செலவிடுவதைவிட இதற்குப் பலன் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் சட்டத்தில் பெட் பானப் பாட்டில்களில் 2025-க்குள் 25 சதவீதமும், எல்லாப் பிளாஸ்டிக் பானப் பாட்டில்களிலும் 2030-க்குள் 30 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்று வைத்ததும் இந்தத் தேவையை நிலையாக வைத்திருக்கத்தான்.

சட்டம் என்று வந்ததால் 'தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' பற்றி. 1990-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்த கருத்து இது: ஒரு பொருள் கழிவான பிறகு ஆகும் செலவையும் அதைத் தயாரித்தவர் ஏற்றால்தான் அவர் வடிவமைப்பை மாற்றுவார். ஜெர்மனி 1991-இல் பேக்கேஜிங்குக்கு இதைச் சட்டமாக்கியது. நல்ல முறையில் நடக்கும் திட்டங்களில் எல்லாருக்கும் ஒரே கட்டணம் கிடையாது. எளிதில் மறுசுழற்சி ஆகும் பொருளுக்குக் குறைவு, சிக்கலானதற்கு அதிகம். நார்வே இன்னும் கூர்மையாக யோசித்தது. பானப் பாட்டில்களுக்கு ஒரு சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பி வரும் விகிதம் கூடக்கூட வரி குறையும், 95 சதவீதத்தைத் தாண்டினால் வரியே இல்லை. பாட்டிலைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் சொந்த லாபமாகிவிட்டது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். கிட்டத்தட்ட எல்லாப் பாட்டிலும் திரும்பி வருகிறது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வழியும் காரணமும் இருந்தால் மக்கள் கொடுக்கிறார்கள். ஆனால் தொழிலில் பல நிறுவனங்கள் பல இடங்களில் இந்த வைப்புத்தொகைச் சட்டங்களை எதிர்த்தே வந்திருக்கின்றன. பொறுப்பைப் பற்றிப் பேசும் நிறுவனம், தன் சங்கம் சட்டமன்றங்களில் எதை ஆதரிக்கிறது, எதை எதிர்க்கிறது என்று பார்க்கட்டும்.

கழிவை வெளியே அனுப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்ற காலமும் போய்விட்டது. 1992-லிருந்து உலகில் ஏற்றுமதியான பிளாஸ்டிக் கழிவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைச் சீனா வாங்கியிருந்தது. 2018 ஜனவரியில் அது கதவைச் சாத்தியதும், பல பணக்கார நாடுகளின் மறுசுழற்சிக் கணக்கு எதன் மேல் நின்றது என்று வெளிச்சத்துக்கு வந்தது. சரக்கு தென்கிழக்காசிய நாடுகளுக்குத் திரும்பி, அங்கே திறந்தவெளியில் எரிந்தது. ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் 2019-இல் செய்த திருத்தம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலப்பும் அழுக்குமான பிளாஸ்டிக் கழிவை, பெறும் நாட்டின் முன்கூட்டிய ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. உங்கள் நிறுவனம் விற்கும் மிச்சக் கழிவும் யாரிடம் போகிறது, அவர் என்ன செய்கிறார், அவர் விரும்பாத பகுதி எங்கே போகிறது என்று ஒருமுறை கூடவே போய்ப் பாருங்கள். ரசீது இருந்தால் மட்டும் போதாது.

தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொறுப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. குருணைச் சிதறல். 25 கிலோ மூட்டையைக் கத்தியால் கிழிக்கும்போது ஒரு பிடி தரையில் விழுகிறது. மெஷினுக்குக் குருணை ஊட்டும் தொட்டியான ஹாப்பரில் உறிஞ்சு குழாயைச் செருகும்போது இன்னும் கொஞ்சம். லாரியிலிருந்து இறக்கும் இடத்தில் ஓட்டை விழுந்த மூட்டை ஒன்று. காலில் மிதிபட்டு வாசலுக்கு வந்த குருணையை மழை வடிகாலுக்குக் கொண்டுபோகும், வடிகால் ஆற்றுக்கு. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அளவுதான், மீனும் பறவையும் முட்டையென்று எண்ணி விழுங்கும். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது ஏறக்குறைய 1,680 டன் குருணை கடலில் கலந்தது. கரையில் வெள்ளை மணலா குருணையா என்று தெரியாத அளவுக்குக் குவிந்து கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். அது ஒரு பெரு விபத்து. ஆனால் உலகெங்கும் ஆலைகளில் தினமும் கைப்பிடி கைப்பிடியாகப் போவதைத் தடுக்கப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். வடிகால் வாயில் குருணையைவிட நுண்ணிய வலை, இறக்கும் இடத்தில் பிடித்தட்டு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடைப்பத்துக்குப் பதில் வாக்குவம், விழுந்ததை எடை போட்டு எழுதிவைக்க ஒரு பதிவேடு போதும். தொழில்துறையே 1991-லிருந்து இதற்காக ஆபரேஷன் கிளீன் ஸ்வீப் என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் பல. வடிகாலில் வலை இருக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் செயல் தெரியும்.

எளிய தீர்வு என்று உங்களிடம் சிலவற்றை விற்க வருவார்கள். ஆக்சோ சிதைவுப் பிளாஸ்டிக் என்று ஒரு சேர்மானம் கலந்து, 'வெயிலில் தானாக மக்கிவிடும்' என்பார்கள். அது துண்டு துண்டாக உடைந்து நுண்பிளாஸ்டிக்காகும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 சட்டத்தில் அதைத் தடையே செய்துவிட்டது. பிஎல்ஏ என்ற தாவர மூலப் பிளாஸ்டிக் உண்மையிலேயே மக்கக்கூடியது, ஆனால் 58 டிகிரியை ஒட்டிய சூட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும் தொழில்முறை உரக் கூடத்தில். கடலிலோ சாதாரண மண்ணிலோ அது பிளாஸ்டிக்காகவே நெடுங்காலம் இருக்கும். பெட் பாட்டில்களோடு கலந்தால் அதுவும் மூழ்கும், பெட் உலர்த்தியின் சூட்டில் பிசுபிசுத்துச் செதில்களைக் கட்டியாக்கும். வேதிமுறை மறுசுழற்சியில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெட்டை அதன் மூலப்பொருள்களாக உடைத்து மறுபடி பெட்டாக்குவது வேதியியல்படி நன்றாக நடக்கும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் கழிவைப் பைரோலிசிஸ் முறையில் (காற்றில்லாமல் சூடேற்றி) எண்ணெயாக்கி, அந்த எண்ணெயை எரிபொருளாக விற்றுவிட்டால் அதை நான் மறுசுழற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கேயும் பிவிசி கலந்தால் சிக்கல்தான், பிரிக்கும் வேலையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

பிளாஸ்டிக்கே கூடாது என்பது என் கருத்து இல்லை. ஊசி, ரத்தப் பை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி உறை இவற்றில் அது செய்யும் வேலையை வேறொன்று இவ்வளவு மலிவாகவும் லேசாகவும் செய்யாது. கேள்வி, தேவையில்லாத இடத்தில் எவ்வளவு போகிறது என்பது. மறுசுழற்சியை எவ்வளவு உயர்த்தினாலும் தயாரிப்பு அதைவிட வேகமாக வளர்ந்தால் கடலுக்குப் போவது குறையாது. பிளாஸ்டிக் மாசு பற்றி உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமல் முடிந்ததற்கு முக்கியக் காரணம், உற்பத்திக்கே வரம்பு வைப்பதா வேண்டாமா என்ற சண்டை. ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டப்பாவுக்குள் டப்பா, கொள்ளளவில் பாதி காலியாக இருக்கும் ஜாடி, கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும் மூடி இவற்றை நிறுத்த எந்தச் சட்டமும் தேவையில்லை. நிறுவனங்களுக்கிடையே போகும் சரக்குக்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் கிரேட்டும் டிரம்மும் ஏற்கெனவே பல துறைகளில் பழக்கத்தில் இருக்கின்றன. அங்கே கழுவித் திருப்பி அனுப்ப ஆளும் வண்டியும் இருப்பதால் கடைப்பொருளைவிட எளிது.

நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பதால் நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புதுப் பாட்டிலுக்குக் கசிவு, கீழே போட்டுப் பார்ப்பது, மேலே எடை ஏற்றுவது என்று சோதனைகள் வைத்திருப்பீர்கள். அந்தத் தாளில் மறுசுழற்சிச் சோதனை என்று இன்னொரு வரி சேருங்கள். லேபிள், மூடி, உள்சீல் எல்லாம் ஒட்டியபடியே பாட்டிலை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக அரைக்கவும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காஸ்டிக் சோடா சிறிதளவு கலந்த தண்ணீரில், 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் கால் மணி நேரம் கலக்கவும். பிறகு அலசி, சாதாரணத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தனியாக, மூழ்கியதைத் தனியாக எடுத்து எடை போடவும். லேபிள் கழன்றதா? மை தண்ணீரில் இறங்கிச் செதிலுக்குச் சாயம் ஏறியதா? மூழ்கிய பங்கில் பெட் அல்லாத துண்டு கண்ணில் படுகிறதா? கடைசியாக மூழ்கிய செதிலை உலர்த்தி, 220 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துப் பார்க்கவும். மஞ்சளடித்திருந்தாலோ கரும்புள்ளி விழுந்திருந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, பசையையோ லேபிளையோ மாற்ற வேண்டும். அந்தச் செதிலை ஒரு பையில் போட்டு, எடைக் கணக்கோடு பேக்கேஜிங் வடிவமைப்பவரிடமும் கொள்முதல் பிரிவிடமும் அனுப்புங்கள். ஒரு பொருளோடு நிறுத்தாமல், டன் கணக்கில் அதிகம் போகும் பொருளில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வாருங்கள்.